உறைபனிக் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய மாருதி 800: செல்ஃப் மாற்றலாமா?

தலைகுந்தாக்காரன்:

வணக்கம். வண்டி 1997 மாடல் மாருதி 800, கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) வைத்த எஞ்சின், அப்பா ஓட்டியது. ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தாவில் இருக்கிறோம், ஷெட் கிடையாது, ராத்திரி முழுக்க வெளியில்தான் நிற்கும். டிசம்பர் பாதியில் உறைபனி விழ ஆரம்பித்ததிலிருந்து காலை ஆறரைக்குச் சாவி போட்டால் "ஙர்ர்... ஙர்ர்..." என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறதே தவிர பற்ற மாட்டேன் என்கிறது. சோக்கை (குளிரில் பெட்ரோல் கலவையைக் கூட்டித் தரும் இழுப்பு) முழுசாக இழுத்துத்தான் அடிக்கிறேன். பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டால் ஒரே அடியில் ஸ்டார்ட்.

பேட்டரி நவம்பரில்தான் புதுசு போட்டேன். ஒரு மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தார், மாற்றமில்லை. இன்னொருவர் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) போய்விட்டது, மாற்று என்கிறார். இரண்டு பேரும் பார்த்தது மதியம், அவர்கள் கண் முன்னால் அது சமத்தாக ஸ்டார்ட் ஆகி என் மானத்தை வாங்கியது. தினமும் தெருவில் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதைப் பார்த்து மகள் இனிமேல் பஸ்ஸிலேயே பள்ளிக்குப் போகிறேன் என்கிறாள். செல்ஃபை மாற்றிவிடவா?

கிரீஸ்கை:

அவசரப்படாதீங்க. முதலில் ஒன்று சொல்லுங்கள், தள்ளினால் எவ்வளவு தூரத்தில் பற்றுகிறது?

தலைகுந்தாக்காரன்:

செகண்ட் கியரில் பத்தடி தள்ளினால் போதும், உடனே பற்றிவிடும்.

கிரீஸ்கை:

அப்படியென்றால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியும் வருகிறது. பத்தடியில் பற்றுகிற எஞ்சினுக்குக் கார்பரேட்டரைக் கழுவியது தண்டச் செலவு. செல்ஃப் சுற்றும்போது மட்டும் கரண்ட் எங்கேயோ பாதியில் தொலைகிறது. பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் நல்ல பேட்டரியே மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும், ஆயிலும் பாகு மாதிரி கெட்டியாகி எஞ்சின் சுற்றவே கஷ்டப்படும், அதனால் செல்ஃப் வழக்கத்தைவிட அதிகமாகக் கரண்டை இழுக்கும். வயரில் எங்காவது களிம்பு பிடித்திருந்தால் மதியம் சமாளித்துவிடும், காலையில் காட்டிக்கொடுத்துவிடும். செல்ஃப் மெதுவாகச் சுற்றும் நேரத்தில் தீப்பொறிக்குக் கரண்ட் தரும் காயிலுக்கும் முழு வோல்ட் போகாது, பொறி மங்கிவிடும். ஒரே குறைதான், செல்ஃப் கோளாறு மாதிரியும் தெரியும், கார்பரேட்டர் கோளாறு மாதிரியும் தெரியும்.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், சாதாரணமானதே போதும். நாளைக் காலை வண்டி குளிர்ந்திருக்கும்போதே, யாரையாவது சாவி போடச் சொல்லிவிட்டு அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.5-க்கு மேல் இருக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. அப்புறம் முக்கியமானது: கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே), சிவப்பு முனையை எஞ்சின் உடம்பில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் எர்த் பக்கம்தான், அதாவது பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வயர் பக்கம். மதியம் அளந்தால் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

மலைப்பாதை டிரைவர்:

கிரீஸ்கை சொல்வது சரி, ஆனால் கார்பரேட்டரை அப்படியே விட்டுவிடாதீர்கள். எங்கே டியூன் பண்ணினீர்கள், மேட்டுப்பாளையத்திலா? ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. கீழே டியூன் பண்ணிய கார்பரேட்டர் மேலே வந்தால் பெட்ரோலை அதிகமாகக் கொட்டும், அதன் மேல் முழு சோக் இழுத்துக்கொண்டு பத்துத் தடவை அடித்தால் பிளக் நனைந்து எஞ்சின் மூழ்கிவிடும். ஒரு பிளக்கைக் கழற்றி மோந்து பாருங்கள். ஈரமாக இருந்தால் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தபடி ஐந்து நொடி அடியுங்கள்.

இன்னொன்று, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். இல்லாவிட்டால் கெட்டியான கியர் ஆயிலையும் சேர்த்துச் சுற்ற வேண்டியிருக்கும், பாவம் அந்தச் செல்ஃப்.

டொராண்டோ வாசி:

இங்கு மைனஸ் இருபதில் எஞ்சினுக்கு பிளாக் ஹீட்டர் பொருத்தி, இரவு முழுக்க வீட்டுக் கரண்டில் மாட்டி வைப்போம். உங்களுக்கு அது தேவைப்படாது, ஆனால் ஆயில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 20டபிள்யூ-50 என்றால் அந்தக் குளிருக்குக் கொஞ்சம் தடிப்பு.

தலைகுந்தாக்காரன்:

அளந்துவிட்டேன். கண்ணாடியில் பனிப் படலம், கை விறைத்துப் போனது, மனைவி சாவி போட்டார், நான் பானெட்டுக்குள் தலையை விட்டு நின்றேன். பேட்டரி சும்மா 12.5, செல்ஃப் அடிக்கும்போது 10.6. பிளஸ் பக்கம் பேட்டரியிலிருந்து செல்ஃப் போல்ட் வரை 0.3. எர்த் பக்கம் 1.6! டியூனிங்கும் மேட்டுப்பாளையத்தில்தான் பண்ணினேன், பிளக் நனைந்துதான் இருந்தது.

கிரீஸ்கை:

10.6-இல் 1.9 வழியிலேயே போனால் செல்ஃபுக்கு மிஞ்சுவது 8.7. அது எப்படிச் சுற்றும்? ஜம்ப்பர் வயர் ஒன்றை எடுத்துப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் இரும்பில் மாட்டி அடித்துப் பாருங்கள், கார்பரேட்டர், பெட்ரோல் குழாய் பக்கம் மட்டும் கிளிப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

தலைகுந்தாக்காரன்:

மாட்டினேன், பிளக்கைத் துடைத்துப் போட்டு, பாதி சோக்கில் மூன்றாவது சுற்றிலேயே பற்றியது! பழைய எர்த் வயரைக் கழற்றினால் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கியர் பாக்ஸில் போல்ட் போடும் முனையில் ரப்பரைக் கீறினால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைப் பொடி, இழுத்ததும் பாதி இழை கையோடு வந்துவிட்டது. பேட்டரி மாற்றிய கடையில் டெர்மினலைத் துடைத்ததோடு சரி, மறுமுனையை யாரும் பார்க்கவில்லை. செல்ஃபை மாற்றியிருந்தால் அந்தப் பணமும் போயிருக்கும். மகள் மட்டும் திரும்பி வரவில்லை, பஸ்ஸில் தோழிகள் கிடைத்துவிட்டார்களாம். புது வயர் எந்தத் தடிமனில் வாங்க?

கிரீஸ்கை:

பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள், அதைவிட ஒல்லியாக வாங்காதீர்கள், முனை கிரிம்ப் பண்ணியதாக (வயரோடு சேர்த்து அழுத்தி நசுக்கியதாக) இருக்கட்டும். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு மாட்டி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். பாடிக்குப் போகும் சின்ன எர்த் வயர் ஒன்று இருக்கும், அதையும் கழற்றிப் பாருங்கள்.