டொமைன் பெயர் "செல்லாது" என்று மறுக்கப்படுவது ஏன்?

பூநகரிப் பெண்:
வணக்கம். பூநகரிப் பக்கத்தில் பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து கருவாடு பதப்படுத்தி விற்கிறோம். கொழும்பிலிருந்தும் ஓடர் வருவதால் சொந்த இணையத்தளம் தொடங்க விரும்புகிறோம். ஊர்ப்பெயரையும் "கருவாடு" என்பதையும் ஆங்கில எழுத்தில் எழுதி, நடுவில் அடிக்கோடு இட்டு, டொமைன் பெயராக, அதாவது தளத்தின் முகவரியாகக் கொடுத்தால், செல்லாத பெயர் என்று படிவம் திருப்பி அனுப்புகிறது. ஊர்ப்பெயரைத் தமிழிலேயே "கெளதாரிமுனை" என்று பதியலாமா? அதற்கு எழுத்து எல்லை உண்டா?

குளக்கட்டு:
தங்கச்சி, அடிக்கோடுதான் தடை. ஆங்கில எழுத்து, இலக்கம், ஹைபன் (-) ஆகிய மூன்றை மட்டுமே பதிவுப் பெயரில் ஏற்பார்கள். ஹைபனும் முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதி 63 குறிகளையும், புள்ளிகள் உட்பட முழுப்பெயர் 253 குறிகளையும் தாண்டக்கூடாது. இலக்கத்தில் தொடங்குவதற்கு முன்பு இருந்த தடையை 1989 இல் வந்த ஆர்.எஃப்.சி. 1123 என்ற இணைய விதி ஆவணம் நீக்கிவிட்டது. அடிக்கோட்டை ஹைபனாக மாற்றிப் பாருங்கள்.

மல்லாவி ஆசிரியர்:
தமிழில் தாராளமாகப் பதியலாம், ".இலங்கை" என்ற முடிவே 2010 முதல் இருக்கிறது. தமிழ்ப் பெயரை உள்ளே எக்ஸ், என், இரண்டு ஹைபன் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றுவார்கள் என்பதால், 63 என்ற எல்லை அந்தத் தொடருக்கே உரியது. உங்கள் பெயர் அதற்குள் அடங்கும்.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நீங்கள் எழுதிய ஊர்ப்பெயரைப் பிரதி எடுத்துப் பார்த்தேன். அதில் முதலெழுத்து "கௌ" அன்று. "கெ", "ள" என்ற இரண்டு எழுத்துகள். சரியான "கௌதாரிமுனை" கண்ணுக்கு ஐந்து எழுத்து, மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணும் கணினிக்குப் பத்துக் குறி. உங்களுடையதில் பதினொரு குறி இருக்கிறது. "கொ"வின் குறியை இரண்டு துண்டாகத் தட்டினாலும் கணினி எழுத்துகளுக்கான ஒருங்குறி (யூனிகோட்) விதி ஒன்றாக்கிவிடும். "ள" தனி எழுத்து என்பதால் அதை மாற்றாது. இப்படியே பதிந்தால், ஊர்ப்பெயரைச் சரியாகத் தட்டுபவர் உங்கள் தளத்துக்கு வந்து சேரமாட்டார்.

பூநகரிப் பெண்:
மிக்க நன்றி, ஐயா. கைபேசியில் "கெ" தட்டி "ள" சேர்த்தேதான் இவ்வளவு காலமும் எழுதி வந்திருக்கிறேன். பைகளில் ஒட்டும் தாளிலும் அப்படியே அச்சடித்துவிட்டோமே, அவற்றை மாற்ற வேண்டுமா?

மல்லாவி ஆசிரியர்:
தாளில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அது இருக்கட்டும். பதிவுப் படிவத்தில் மட்டும் "ஔ" குறியையே தட்டுங்கள். ஹைபன் இட்ட ஆங்கிலப் பெயரையும் எடுத்து வையுங்கள். தமிழ் முகவரியுள்ள மின்னஞ்சலை ஏற்காத படிவங்கள் இன்னும் பல உள்ளன.