வான்கதவு திறந்தால் வீட்டிலிருந்து எதை எடுப்பது?

கண்டாவளை மருமகள் எழுதியது:

எங்கள் வீடு கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பக்கம், கனகராயன் ஆற்று நீர் பரவும் தாழ்ந்த காணியில் இருக்கிறது. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் 36 அடியை நெருங்கினால் மேலதிக நீரை வெளியேற்றும் வான்கதவுகளைத் திறப்பார்கள் என்பதும், திறந்தால் எங்கள் முற்றத்துக்குத் தண்ணீர் வரும் என்பதும் இங்கே சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். 2018 டிசம்பரில் 14 கதவுகளும் திறக்கப்பட்டபோது, எதை எடுப்பது என்று வீட்டில் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடியதிலேயே பாதி நேரம் போய்விட்டது. இந்த மாரிக்கு முன் அந்த வாதத்தை முடித்து வைக்க விரும்புகிறேன்.

மாமா தண்ணீர்ப் பம்பையும் நெல் மூட்டைகளையும் விட்டு வரமாட்டேன் என்கிறார். மாமியின் நெஞ்செல்லாம் அவருடைய றங்குப்பெட்டியில் இருக்கிறது. அதற்குள் கூறைச்சேலை, பழைய படங்கள், காணிப் பத்திரங்கள், எப்போதோ கட்டி முடித்த சீட்டுக் கொப்பி என்று எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. என் கணவரோ அடையாள அட்டையும் கைத்தொலைபேசியும் இருந்தால் போதும் என்கிறார். எங்களிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அயலவரின் லான்ட்மாஸ்டரில், அதாவது இருசக்கர உழவு இயந்திரத்தில், இடம் கிடைத்தால் கொஞ்சம் சாமான் ஏற்றலாம். மாமிக்கு நீரிழிவு, மகளுக்கு இன்னும் மூன்று வயது ஆகவில்லை. எந்த ஒழுங்கில் எடுப்பது என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

பிள்ளை, பிரதேச செயலகம் ஒன்றின் காணிக் கிளையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பத்திரங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தொலைந்தால் திரும்ப எடுக்க முடியுமா, எடுக்க எவ்வளவு அலைய வேண்டும் என்பதை வைத்தே ஒழுங்கை முடிவு செய்ய வேண்டும். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பரீட்சைப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களம் மீண்டும் தரும். உறுதிக் காணியாக, அதாவது உறுதிப் பத்திரம் எழுதப்பட்ட காணியாக இருந்தால், அதை எழுதிய நொத்தாரிசு தன்னிடம் ஒரு படியை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். ஆகவே அங்கே சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

வன்னியில் பெரும்பாலான குடியேற்றக் காணிகள் உறுதிக் காணிகள் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரத்தை, அதாவது நாம் பெர்மிற் என்று சொல்லும் அந்த ஒற்றைத் தாளை நம்பியே பல குடும்பங்கள் இருக்கின்றன. அதற்கான பேரேடு அலுவலகத்தில் இருக்கும் என்று சட்டம் படித்தவர்கள் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் போர்க்காலத்தில் சனத்தோடு சேர்ந்து அலுவலகங்களும் இடம்பெயர்ந்ததையும், அப்போது பதிவேடுகள் பல அழிந்ததையும் கண்டவர்கள் நாம். பேரேடு இல்லாத இடத்தில், மூலப் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு இருந்த பலம் மற்றவருக்கு இருக்கவில்லை. எனவே பெர்மிற்றும், அதில் பின்னுரித்தாளர், அதாவது உரியவருக்குப் பின் காணியைப் பெறுபவர், நியமிக்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கமும் முதலில் பைக்குள் போகட்டும்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். விதைப்புக் காலத்தில் எங்கள் பெண்களின் நகை பெரும்பாலும் கழுத்தில் இருப்பதில்லை, வங்கியில் அடைவில், அதாவது அடகில் இருக்கிறது. அப்படியானால் தேட வேண்டியது நகைப்பெட்டியை அல்ல, அடைவுச் சீட்டைத்தான். அது சாமிப் படத்துக்குப் பின்னாலோ அரிசிப் பானைக்குள்ளோ இருக்கும். மாரிக்கு முன்பே எடுத்து மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். பழைய பத்திரங்களை லமினேற் செய்ய வேண்டாம், ஒட்டிய பின் தாளைச் சேதமின்றிப் பிரிக்க முடியாது. உரப் பையின் உள்ளே வரும் தடித்த பிளாஸ்ரிக் உறையைக் கழுவிக் காயவைத்து, பத்திரங்களை அதற்குள் இட்டு, வாயை இரண்டு தரம் மடித்துக் கட்டினால் போதும்.

முள்ளியவளை விவசாயி எழுதியது:

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் பத்திரத்தோடு கதை முடிவதில்லை. 2008இல் போரால் மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயரத் தொடங்கியவர்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் கதவு, யன்னல், கூரைத் தகரம், ஓடு எல்லாம் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். அக்கராயனில் சிலவற்றை இறக்கினார்கள், தருமபுரத்தில் சிலவற்றை விற்றார்கள், விசுவமடு தாண்டிய பின் உழவு இயந்திரத்தையே விட்டார்கள். போரின் கடைசி மாதங்களில் சனம் ஒடுங்கிய புதுமாத்தளனில் பலரிடம் மிஞ்சியது ஒரு தோள்பையும் ஒரு தறப்பாளும்தான். பாரமானதை எல்லாம் வழி பறித்துக்கொண்டது. தங்கையின் மாமா பம்பை ஏற்றச் சொல்வதை நான் குறை கூறவில்லை, அவருடைய பிழைப்பு அதில்தான் இருக்கிறது. ஆனால் இது வெள்ளம். பம்பை இரண்டு பேர் பிடித்து வீட்டுப் பிளாற்றின், அதாவது கொங்கிறீற் தட்டின் மேல் ஏற்றிக் கட்டிவிடலாம், நெல்லை மேசைக்கு மேல் பலகை போட்டு அடுக்கலாம். உயர்த்தி வைக்கக் கூடியவற்றை ஏற்றிக்கொண்டு ஓடுவதில் பயனில்லை.

மாடுகளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. கட்டிய கயிற்றை அவிழ்க்காமல் போனால் அவை நின்ற இடத்திலேயே மூழ்கும். ஆகவே முதல் அறிவிப்பிலேயே மேட்டுக்குச் சாய்த்துவிடுங்கள். மேடு மட்டும் போதாது, காற்று மறைப்பும் வேண்டும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான மாடுகள் வெள்ளத்தில் அல்ல, ஈரத்திலும் குளிர்காற்றிலும் செத்தன.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் எதற்கு, போனில் இருக்கிறதுதானே என்று தங்கையின் கணவர் நினைக்கலாம். 2017 பெப்ரவரி முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் இருந்து போராடிய தாய்மாரின் கைகளைப் பாருங்கள். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்துப் பிடித்தவர்களும் அங்கே உண்டு. அதுகூட இல்லாத குடும்பங்களையும் நான் அறிவேன். மாமியின் றங்குப்பெட்டி முழுவதும் வேண்டாம், ஆனால் அதிலுள்ள படங்கள் கட்டாயம் வர வேண்டும்.

கெலோவ்னாவில் இருக்கும் பரந்தன்காரன் எழுதியது:

நான் இப்போது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வசிக்கிறேன். 2023 ஆகஸ்டில் மக்டூகல் கிரீக் காட்டுத்தீ மேற்குக் கெலோவ்னாவை எரித்து, ஒகனாகன் ஏரியையும் தாண்டிக் கெலோவ்னாப் பக்கம் விழுந்தது. எங்கள் தெருவும் வெளியேறியது. இங்கே அறிவிப்பு இரண்டு படிகளில் வரும். முதலாவது, எந்த நேரமும் புறப்படத் தயாராக இருங்கள் என்பது. இரண்டாவது, இப்போதே வெளியேறுங்கள் என்ற கட்டளை. பொருள் எடுப்பது எல்லாம் முதலாவது அறிவிப்புக்கும் இரண்டாவதற்கும் இடையில் முடிய வேண்டும், சிலவேளை முதலாவது அறிவிப்பு வராமலே நேரே கட்டளை வரும். இரணைமடுவிலும் கதவு திறக்கப்போவதாக முன்னறிவிப்பு வரும்போதே அக்கா தன் முதல் படியைத் தொடங்கலாம்.

நெருப்பு விடயத்தில் முள்ளியவளை அண்ணா சொன்ன வழி செல்லாது. எவ்வளவு உயரத்தில் வைத்தாலும் எரியும். அதனால் இங்குள்ளவர்கள் ஆட்கள், வளர்ப்புப் பிராணிகள், மருந்து, பத்திரம், படம், கணினித் தரவு என்று சின்னதாகவே யோசிக்கிறார்கள். எனக்குப் பயன்பட்டது வேறு ஒரு வேலை: புறப்படும் முன் போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக, அலுமாரிகளைத் திறந்து வைத்தே காணொளி எடுத்தேன். காப்புறுதிக்காரர் கேட்டபோது என்ன இருந்தது என்று நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே கிராம அலுவலரிடம் சேத விபரம் கொடுக்கும்போதும் இது உதவும். பத்திரங்களையும் அப்படியே படம் எடுத்து எனக்கோ வேறு உறவினருக்கோ அனுப்பி வைத்தால், உங்கள் போன் நனைந்தாலும் அவை இருக்கும்.

மாமியின் மருந்தில் ஒரு கவனம் தேவை. இன்சுலின் போடுபவராக இருந்தால் அது குளிர்ச்சியில் இருக்க வேண்டும், ஆனால் பனிக்கட்டியில் நேரே படக்கூடாது, உறைந்தால் பயனற்றுப் போகும். கிளினிக் கொப்பியையும் மகளின் வளர்ச்சிப் பதிவேட்டையும் அதே பையில் வையுங்கள்; முகாமுக்கு வரும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

கண்டாவளை மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாமியை இருத்தி றங்குப்பெட்டியைத் திறந்தோம். அடைவுச் சீட்டு சீட்டுக் கொப்பிக்குள் இருந்தது. பெர்மிற்றில் மாமாவின் தகப்பனார் பெயரே இன்னும் இருக்கிறது, பின்னுரித்தாளர் பக்கம் வெறுமையாக இருக்கிறது. படங்கள் பழைய ஒட்டும் அல்பத்தில் பிடித்துக்கொண்டு கழல மறுக்கின்றன. இவற்றுக்கு என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் எழுதியது:

அல்பத்திலிருந்து படத்தை நகத்தால் கிளப்ப வேண்டாம். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்குக் கீழே விட்டு மெதுவாக இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் பக்கத்தோடு வெட்டி எடுங்கள். எப்போதாவது நனைந்துவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிடாமல், சுத்தமான நீரில் அலசித் தனித்தனியாக நிழலில் விரியுங்கள்.

பெர்மிற் விடயம் அவசரம். தகப்பனார் காலமாகி, பின்னுரித்தாளரும் நியமிக்கப்படவில்லை என்றால், உரிமை எவருக்குச் செல்லும் என்பதைச் சட்டம் தன் ஒழுங்குப்படியே தீர்மானிக்கும். நீங்கள் நினைப்பவருக்கே வரும் என்று இருந்துவிட வேண்டாம். மாமாவும் அவருடைய சகோதரங்களும் மரணச் சான்றிதழையும் பெர்மிற்றையும் எடுத்துக்கொண்டு, மழை தொடங்குமுன் காணிக் கிளைக்குப் போகட்டும். மூலப் பத்திரத்தை அங்கே கொடுத்துவிட்டு வர வேண்டாம், பிரதியைக் கொடுங்கள். மூலத்தைக் கேட்டால் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.