கழுத்து வலிக்கு ட்ரை நீட்லிங் செய்துகொள்ளலாமா?

கேள்வி: கழுத்திலிருந்து தோள்பட்டை வரை ரொம்ப நாளாக வலி. மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. பிசியோதெரபிஸ்ட் ட்ரை நீட்லிங் செய்யலாம் என்கிறார். ஊசி என்றாலே பயம், பலன் இருக்குமா?

பதில் 1: எனக்கு நல்ல பலன். மருந்து ஏற்றும் ஊசி இல்லை இது, அக்குபஞ்சர் ஊசி மாதிரி மெல்லியது, தசையில் இறுகிக் கிடக்கும் முடிச்சில் இறக்குவார்கள், அப்போது தசை சட்டென்று துடிக்கும், பயப்படாதீர்கள். ஓரிரு நாள் அந்த இடம் வலிக்கும். 1979-லேயே கரெல் லெவிட் என்ற செக் மருத்துவர், மருந்தில்லாமல் ஊசியாலேயே வலி குறைவதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பதில் 2: ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோள்பட்டைப் பக்கம் ஊசி ஆழமாகப் போனால் அபூர்வமாக நுரையீரலில் குத்திவிடும், அதனால் முறையாகப் பயிற்சி பெற்றவரிடம் மட்டும் போங்கள். அப்புறம் மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனை.

பதில் 3: சரி, உடற்பயிற்சியையும் சேர்த்துக் கேளுங்கள். ஊசி மட்டும் போதாது.