எக்ஸீஜ் எஸ் வி6-க்கு சார்ஜ்கூலர்: ரேடியேட்டர், பம்ப், குழாய் அளவை எப்படி முடிவு செய்வது?

நடு_எஞ்சின்:

வணக்கம். லோட்டஸ் எக்ஸீஜ் எஸ் வி6 (2012-ல் வந்த மாடல்) காருக்குத் தண்ணீர் சார்ஜ்கூலர் (சூப்பர்சார்ஜர் அமுக்கிச் சூடாக்கிய காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் நீரால் குளிர்விக்கும் அமைப்பு) கிட் வடிவமைக்கும் வேலை நடக்கிறது. எஞ்சின் டொயோட்டாவின் 3.5 லிட்டர் 2ஜிஆர்-எஃப்இ. அதன் மேல் ஈட்டன் டிவிஎஸ் ரோட்டர் உள்ள ஹாரப் சூப்பர்சார்ஜர், 350 பிஎஸ். கம்பெனியிலிருந்து வரும்போது இதில் சார்ஜ்கூலரே கிடையாது. 2015-ல் எவோரா 400 வந்தபோதுதான் லோட்டஸ் சார்ஜ்கூலரோடு கூடிய எடெல்பிராக் யூனிட்டுக்கு மாறியது.

கையில் உள்ள லாக் விவரம்: வெளிக்காற்று 30 டிகிரி, ட்ராக்கில் 20 நிமிடம். அழுத்த விகிதம் 1.5. சூப்பர்சார்ஜர் வெளிவாயில் காற்று 87 டிகிரி. எஞ்சின் கூலன்ட் 108-ல் நிற்கிறது, ஆயில் 128.

யோசித்து வைத்திருப்பது இது. முன்பக்கம் மெயின் ரேடியேட்டருக்கு முன்னால் 60 மி.மீ. தடிமன் உள்ள தனி ரேடியேட்டர், பின்னால் வரை 16 மி.மீ. உள்விட்டக் குழாய், 10 லிட்டர் தொட்டி. இன்டேக் காற்றை 45 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். தொட்டி இன்னும் பெரிதாக இருந்தால் நல்லதா? பம்ப் எத்தனை லிட்டர் தள்ள வேண்டும்? தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் 108 இறங்குமா?

வெப்பக்கணக்கு:

முதலில் அந்த 45-ஐ விட்டுவிடுங்கள். காற்று 45-க்கு வர வேண்டுமென்றால் சார்ஜ்கூலரின் கோருக்குள் (காற்றின் சூட்டை நீர் வாங்கும் பகுதி) போகும் தண்ணீர் 35-ஆவது இருக்க வேண்டும். வெளிக்காற்று 30. வெறும் 5 டிகிரி வித்தியாசத்தில் ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும்? இந்தக் காரின் மூக்கில் அந்த அளவுக்கு ரேடியேட்டர் வைக்க இடமே இல்லை. தண்ணீர் 45, காற்று 55 என்று வைத்துக்கொண்டால் நடக்கிற காரியம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்தச் சக்திக்கு எஞ்சின் நொடிக்குச் சுமார் 0.28 கிலோ காற்றை இழுக்கும். 87-லிருந்து 55-க்கு 32 டிகிரி குறைக்க 0.28 × 1.005 × 32, அதாவது 9 கிலோவாட். ஃபுல் த்ராட்டில் எப்போதும் இருக்காது. ட்ராக்கில் பாதி நேரம் என்று எடுத்தால் சராசரி 4.5 முதல் 5 வரை. தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது 5 கிலோவாட்டை வெளியேற்றும் ரேடியேட்டர் வேண்டும்: டிகிரிக்கு 0.33 கிலோவாட். ரேடியேட்டர் கோர் விற்பவரிடம் "எத்தனை மி.மீ. தடிமன்" என்று கேட்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள். எந்தக் காற்று வேகத்தில் அளந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அது இல்லாமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

அடுத்து பம்ப். கிளைக்காலும் (உறைதடுப்புத் திரவம்) தண்ணீரும் சரிபாதி கலந்தால் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டம் டிகிரிக்கு 0.6 கிலோவாட் சுமக்கும். 9 கிலோவாட் ஏறும்போது கோருக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் 15 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். கோரின் கடைசிப் பாதி வெந்நீரில்தான் வேலை செய்யும். 25 லிட்டர் ஓடினால் வித்தியாசம் 6 டிகிரி. அதற்கு மேல் கூட்டினால் கிடைப்பது சொற்பம். 25-ஐக் குறி வையுங்கள். ஆனால் அது காரில் பூட்டிய பிறகு கிடைக்கும் 25-ஆக இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் எதுவும் மாட்டாமல் திறந்து விட்டால் கிடைப்பது.

இந்தக் காரில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். போக வர 7 மீட்டர் குழாய் என்று வைத்தால், 19 மி.மீ. உள்விட்டத்தில் 25 லிட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோபாஸ்கல் அழுத்தம் குழாயிலேயே போய்விடும். 16 மி.மீ. என்றால் சுமார் 29. மூன்றே மி.மீ. குறைத்ததற்கு இரண்டு மடங்குக்கு மேல் இழப்பு! 19-க்குக் கீழே இறங்காதீர்கள். வளைவுகளுக்கு மேன்ட்ரல் பென்ட் (உள்விட்டம் நசுங்காமல் வளைத்த) அலுமினியக் குழாய் போடுங்கள். மடக்கி ஒட்டிய எல்போ ஒவ்வொன்றும் இன்னொரு மீட்டர் குழாய் சேர்த்த மாதிரி.

தொட்டி விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சுற்றில் 6 லிட்டர் இருந்தால் அதை ஒரு டிகிரி ஏற்ற 21.6 கிலோஜூல் வேண்டும். 15 நொடி நேர்ப்பாதையில் 9 கிலோவாட் ஏறி 5 வெளியேறினால் மிஞ்சும் 60 கிலோஜூல் தண்ணீரை 2.8 டிகிரிதான் ஏற்றும். ஆகக் குழாயிலும் கோரிலும் இருக்கும் தண்ணீரே நேர்ப்பாதைக்குப் போதும். ரேடியேட்டர் சராசரியில் 1 கிலோவாட் பற்றாமல் போனாலோ, 6 லிட்டரில் நிமிடத்துக்கு 2.8 டிகிரி ஏறும், உங்கள் 10 லிட்டர் தொட்டியும் சேர்ந்த 16 லிட்டரில் 1 டிகிரி ஏறும். போய்ச் சேரும் வெப்பநிலை இரண்டிலும் ஒன்றுதான், கொஞ்சம் தாமதமாகச் சேரும், அவ்வளவே. அதற்காக மூக்கில் 10 கிலோ சுமக்கக் கூடாது. பெரிய தொட்டி கால் மைல் ஓட்டத்துக்கு உகந்தது. உங்களுக்குக் காற்றுக் குமிழ் பிரியும் அளவுக்கு ஒரு லிட்டர் தொட்டி போதும்.

காற்றுவழி:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் இந்த மாதிரிக் கிட் தோற்பது பெரும்பாலும் காற்றுப் பக்கத்தில். 60 மி.மீ. கோரை மெயின் ரேடியேட்டருக்கு முன்னால் நிறுத்தினால் இரண்டு தொல்லை. ஒன்று, முன்னால் வெளியேறும் 5 கிலோவாட் பின்னால் உள்ளதற்குச் சூடான காற்றாகப் போகும். நொடிக்கு 2 கிலோ காற்று போனால் 2.5 டிகிரி. இது சின்ன விஷயம். இரண்டாவதுதான் பெரிது: கூடுதல் தடையால் மொத்தக் காற்றே குறையும். அந்த 108 எங்கே போய் நிற்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கும். 60-க்குப் பதில் 40 மி.மீ. கோரை அகலமாக வையுங்கள், அல்லது மெயின் ரேடியேட்டரை மறைக்காத இடத்தைத் தேடுங்கள். பக்கவாட்டுத் திறப்பில் வைத்தால் குழாய் நீளம் குறையும், உண்மைதான். ஆனால் எஞ்சின் மூச்சு வாங்கும் காற்றை அது பிடுங்கக் கூடாது.

எந்தக் கோரையும் வாங்கும் முன் அழுத்தத்தை அளந்துவிடுங்கள். செலவில்லாத கருவி: தெளிவான பிளாஸ்டிக் குழாயை 'யு' வடிவில் ஒரு பலகையில் கட்டி, சாயம் கலந்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றி, ஒரு முனையை ரேடியேட்டர் முகத்திலும் மறுமுனையை அதன் முதுகிலும் பொருத்துங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் நீர்மட்ட வித்தியாசத்தைப் படிக்கலாம். மூடிய ட்ராக்கில் 160 கி.மீ. வேகத்தில் காற்றின் முழு அழுத்தம் 121 மி.மீ. நீர்மட்டம், 100-ல் 47 மி.மீ. 160-ல் உங்களுக்கு 40 மி.மீ.தான் தெரிகிறது என்றால் மூன்றில் இரண்டு பங்கு எங்கோ நழுவுகிறது. இரண்டு முனைகளையும் தனித்தனியே திறந்த காற்றோடு ஒப்பிட்டால் எங்கே என்று பிடிபடும். முகத்தில் அழுத்தம் குறைவு என்றால் டக்ட் (ரேடியேட்டருக்குக் காற்றைக் கொண்டுவரும் வழி) ஒழுகுகிறது. முதுகில் அழுத்தம் தேங்கி நிற்கிறது என்றால் காற்று வெளியேற வழியில்லை. அந்த நிலையில் எவ்வளவு பெரிய கோர் வைத்தாலும் பயன் இல்லை.

ரேடியேட்டரின் நான்கு ஓரத்தையும் மூடிய செல் ஃபோம் ஒட்டி அடையுங்கள். விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று கோருக்குள் போகாது, தடை குறைந்த அந்த இடைவெளி வழியாகத்தான் போகும். பேட்ஜ் பின்னால், ஹெட்லைட் பக்கம், அடித்தட்டு சேரும் மூலை, மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருந்து வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. இந்த வேலை மட்டுமே கோர் மாற்றுவதை விட அதிகம் தரும் என்று அடித்துச் சொல்வேன்.

முன்னால் இருந்து மேலே வெளியேறும் சூடான காற்று எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். போனட் வழியே கூரை ஏறிப் பின்னால் எஞ்சின் இன்டேக் பக்கம் வந்தால் சார்ஜ்கூலரின் உழைப்பில் பாதி வீண். நூல் துண்டுகளை ஒட்டி வீடியோ எடுத்தால் ஓட்டம் தெரிந்துவிடும்.

நடு_எஞ்சின்:

மிக்க நன்றி. 19 மி.மீ. குழாய், 40 மி.மீ. கோர், ஒரு லிட்டர் தொட்டி என்று மாற்றிவிட்டேன். முன்னுக்கும் பின்னுக்கும் குழாய் கீழே இறங்கி மேலே ஏறுகிறதே, காற்று அடைத்துக்கொள்ளாமல் எப்படி நிரப்புவது? பம்பை எங்கே வைப்பது? 55 டிகிரியில் நின்றால் உண்மையில் என்ன லாபம்?

கசிவு_சோதனை:

பம்ப் ரேடியேட்டரின் வெளிவாயிலுக்குப் பக்கத்தில், சுற்றின் தாழ்ந்த இடத்தில் இருக்கட்டும். அங்கே தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும், பம்ப் வாயில் எப்போதும் நிரம்பியிருக்கும். தொட்டி, சுற்றின் மிக உயர்ந்த இடத்தில், அதாவது பின்னால் எஞ்சின் மேல். கோரின் உச்சியிலிருந்தும் ரேடியேட்டரின் உச்சியிலிருந்தும் 6 மி.மீ. ஹோஸ் தொட்டிக்குத் தொடர்ந்து ஏறிப் போக வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கேயே குமிழ் உட்கார்ந்துவிடும். ஒவ்வொன்றிலும் 1.5 முதல் 2 மி.மீ. துளையுள்ள தடுப்பு போடுங்கள். இல்லாவிட்டால் ஓட்டத்தில் கணிசமான பங்கு ரேடியேட்டரையே பார்க்காமல் தொட்டிக்குத் திரும்பும்.

நிரப்பும்போது மேலிருந்து ஊற்றி ஊற்றி மாளாது. வேக்கம் ஃபில்லர் மாட்டி 0.8 பார் வரை உறிஞ்சி, 10 நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம் வால்வைத் திறந்து கூலன்டை உள்ளே விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ இணைப்பு சரியில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஓட்டத்தை அளக்க: தொட்டிக்குத் திரும்பும் மெயின் ஹோஸைக் கழற்றி, தொட்டியின் மட்டத்திலேயே 10 லிட்டர் வாளிக்குள் விடுங்கள். ஒருவர் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க, வாளி 24 நொடியில் நிரம்பினால் 25 லிட்டர் ஓட்டம். 40 நொடி ஆனால் 15 லிட்டர்தான். அப்படியானால் முதலில் பம்பின் முனையில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். பேட்டரியில் 13.8 இருந்து பம்பில் 12.2 மட்டும் வந்தால் வயர் மெல்லியது. பின்னாலிருந்து முன்னுக்கு ஓடும் அந்த நீளத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர், தனி ரிலே, தனி ஃபியூஸ், பம்புக்கு அருகில் எர்த்.

இப்போது எல்லாவற்றையும் விட முக்கியமானது. சார்ஜ்கூலர் கோர் சூப்பர்சார்ஜருக்கும் இன்டேக் போர்ட்டுக்கும் நடுவே உட்காருகிறது. கோர் கசிந்தால், வண்டி நிற்கும்போது தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். மறுநாள் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் நீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளையும். விற்கப்போகும் ஒவ்வொரு கோரையும் 1.5 பார் காற்று ஏற்றி நீருக்குள் 30 நிமிடம் மூழ்க வையுங்கள், பிறகு உலர்த்தி ஒரு நாள் முழுக்க அழுத்தத்தில் விட்டு அளவைப் பாருங்கள். ஓரிரு கோரை மட்டும் சோதித்து மீதியை நம்பிவிடக் கூடாது. காரில் பூட்டிய பின் அடையாளம் வேறு: பூஸ்டில் காற்றழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தை விட அதிகமாக இருந்தால், ஓட்டும்போது தொட்டியில் நுரை வரும், மட்டம் ஏறும். அதைக் கண்டால் எஞ்சினை நிறுத்தி, பிளக் கழற்றிப் பார்க்காமல் மறுபடி சுற்றக் கூடாது.

புதுக் கோருக்குள் பிரேசிங் ஃபிளக்ஸ் (உலோகத்தைப் பற்றவைக்கும்போது பூசும் ரசாயனம்) ஒட்டியிருக்கும். வெந்நீரால் பலமுறை அலசுங்கள், இல்லையேல் பம்பின் சீலைத் தின்னும். கிளைக்கால் அளவை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால் துருத்தடுப்பு நீர்த்துப்போகும். ட்ராக்கில் கிளைக்காலுக்குத் தடை இருந்தால், அலுமினியத்துக்கான துருத்தடுப்பு மருந்தைத் தாதுநீக்கிய நீரில் கலந்து விடுங்கள், வெறும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். குழாய் முனைகளில் உருட்டிய விளிம்பு கட்டாயம். சிலிக்கான் ஹோஸுக்கு உள்பட்டை உள்ள கிளாம்ப் போடுங்கள், சாதா கிளாம்பின் பல் அதை அறுக்கும்.

வெப்பக்கணக்கு:

லாபத்தைக் கேட்டிருந்தீர்கள். 87 டிகிரி என்பது 360 கெல்வின், 55 என்பது 328. அடர்த்தி 10 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். கோரில் 0.05 பார் இழந்தால் 1.5 பாரில் அது 3.3 சதவீதம். மிச்சம் 6 சதவீதம். கோரின் காற்றுத்தடை கூடக் கூட இந்த மிச்சமும் கரையும், அதனால் நெருக்கமான ஃபின்னுக்கு (கோரின் மெல்லிய தகடுகள்) ஆசைப்படாதீர்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, பத்தாவது சுற்றிலும் நாக் (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை தானாக வெடிப்பது) வராமல் இக்னிஷன் டைமிங் அப்படியே நிற்பது. கிட்டை அதற்காகத்தான் விற்க வேண்டும், முதல் டைனோ (சக்தி அளக்கும் கருவி) ஓட்டத்தின் எண்ணுக்காக அல்ல.

தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம். பைபாஸ் வழியையும் சேர்த்து மூடுகிற வகையாக இருந்தால், கழற்றியவுடன் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். 108-ல் அது எப்படியும் முழுதாகத் திறந்துதான் இருக்கிறது. குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட் போட்டாலும் முதல் சில நிமிடங்களுக்குத்தான் வித்தியாசம்.

108 பயப்பட வேண்டிய எண்ணா என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் வித்தியாசம் 78. வெளிக்காற்று ஏற ஏறக் கூலன்டும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். 40 டிகிரி நாளில் 118. 1.1 பார் மூடியில் சரிபாதிக் கலவை 129 டிகிரி வாக்கில் கொதிக்கும். இடைவெளி 11. ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு கோர் வந்தால் இதில்தான் கைவைக்கிறது. ஆகவே கிட்டுக்கு முன்னும் பின்னும் இந்த 78-ஐ எழுதி வையுங்கள். 82-க்கு மேல் போனால் டக்ட் வேலைக்குத் திரும்புங்கள். ஆயில் 128-ம் அதே கணக்கில் 138 ஆகும், அது அதிகம். 80 டிகிரி வாக்கில் திறக்கும் தெர்மோஸ்டாட் வைத்த அடாப்டரோடு தனி ஆயில் கூலர் போடுங்கள். முன்னும் பின்னும் ஆயில் அழுத்தத்தை அளந்து பாருங்கள். அந்தக் கூலரையும் ரேடியேட்டர் முகத்தில் கட்டாதீர்கள்.

சோதனைக்கு நான்கு இடத்தில் சென்சார்: கோருக்கு முன் காற்று, கோருக்குப் பின் காற்று, கோருக்குள் நுழையும் நீர், வெளியேறும் நீர். காற்றுக்கு 1 மி.மீ. திறந்த முனை கே-வகை தெர்மோகப்பிள், நொடிக்கு 10 முறை பதிவு. தடித்த பித்தளை உறை சென்சார் சுற்றியுள்ள உலோகத்தின் சூட்டைத்தான் காட்டும், நேர்ப்பாதை முடிந்த பிறகுதான் ஏறத் தொடங்கும். நீரின் வித்தியாசம் 6 டிகிரிக்குப் பதில் 12 காட்டினால் ஓட்டம் பாதி. அப்போது ரேடியேட்டரைத் தொடாமல், காற்று வெளியேறும் அந்த 6 மி.மீ. ஹோஸில் தொய்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.