மிளகுக்கு ஒரு விளம்பரம்

‘பெரிய வீடு’ குழு
ஞாயிறு இரவு

நான்: (படம்) தத்து முகாம் முடிந்தது. குட்டிகள் எல்லாம் மதியத்துக்குள் போய்விட்டன. வளர்ந்த நாய்களில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. மிளகு மறுபடியும் வண்டியில் காப்பகத்துக்கே திரும்பிவிட்டாள்.

அத்தை: எந்த மிளகு? பின்னங்காலை ஆட்டிக்கொண்டே இருக்குமே, அந்தக் கறுப்பா?

நான்: அவளேதான் அத்தை.

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) எச்சரிக்கை!! நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. பெற்றோர்களே, உஷார். அனைவருக்கும் பகிரவும்.

அண்ணன்: அப்பா, அந்தக் காலம் மலையேறிவிட்டது. நரம்புத் திசுவிலிருந்து தயாரித்த பழைய ஊசியை இந்தியாவில் 2004-லேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான் போடுகிறார்கள், நான்கைந்து தவணை.

பெரியப்பா: எனக்குத் தொப்புளைச் சுற்றித்தான் போட்டார்கள். எட்டு வயதில். ஊசி போட்டுக்கொண்டவனுக்கே பாடம் எடுக்கிறாய்.

சித்தி: நான் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். எனக்கு நாய் மேல் வெறுப்பு இல்லை, பயம்தான். எங்கள் தெருமுனையில் கூட்டமாகப் படுத்திருக்கும். பால் வாங்கப் போவதற்கே இந்தப் பக்கம் சுற்றிப் போகிறேன். இதைச் சொன்னால் உடனே ‘இரக்கமில்லாதவள்’ என்று பெயர்.

நான்: அப்படி யாரும் சொல்ல மாட்டோம் சித்தி. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை, பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரியப்பா அனுப்பிய செய்தியில் அது மட்டும் இல்லை.

அண்ணன்: ஒரு சந்தேகம். நீதிமன்றம்தான் எல்லாத் தெருநாய்களையும் காப்பகத்தில் அடைக்கச் சொல்லிவிட்டதே. நீ காப்பகத்திலிருந்து வெளியே அனுப்பப் பார்க்கிறாய்.

நான்: அது டெல்லிப் பகுதிக்கு 2025 ஆகஸ்ட் 11 அன்று போட்ட உத்தரவு. 22-ஆம் தேதியே மாற்றிவிட்டார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் வேறு மாதிரி சொன்னார்கள்: அங்கே பிடித்ததை அங்கேயே திரும்ப விடக்கூடாது. அவற்றை வைத்துக்கொள்ளக் கூண்டு எங்கே காலியாக இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

அம்மா: மிளகையும் அப்படித் தெருவில் விட்டுவிடலாமே? சாப்பாடு போட நாலு பேர் இருப்பார்கள்.

நான்: அவள் தெருவில் பிறந்து வளர்ந்தவள் இல்லை அம்மா, வீட்டு நாய். வாடகை வீட்டைக் காலி செய்தவர்கள் காப்பக வாசலில் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கழுத்தில் பெல்ட் அழுத்தி முடி உதிர்ந்த தடம் இன்னும் இருக்கிறது. எந்தத் தெருவில் விடுவது? அங்கே இருக்கிற நாய்கள் அன்று இரவே கிழித்துவிடும்.

அத்தை: பாவிகள்.

பெரியப்பா: கறுப்பு என்பதால்தான் எடுக்க மாட்டேன் என்கிறார்களா?

நான்: அதுவும் ஒன்று. மண்டபத்துக்குள் வருகிறவர்கள் நேராக வெள்ளை, செம்பட்டைக் குட்டிகளிடம்தான் போகிறார்கள். கறுப்பு நாய்க்குப் படமும் சரியாக விழாது, கண் இருக்கும் இடமே தெரியாது.

அத்தை: இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. இங்கே கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவர் சந்நிதியில் நிற்க இடம் கிடைக்காது. சனிக்கிழமையானால் ஜோசியர் சொன்னார் என்று பிஸ்கட் பாக்கெட்டோடு கறுப்பு நாயைத் தேடித் தெருத் தெருவாக அலைகிறார்கள். தோஷம் கழிக்கக் கறுப்பு வேண்டும், வீட்டில் வளர்க்கச் சிவப்பு வேண்டும்!

அண்ணன்: அத்தைக்கு நூறு மதிப்பெண்.

சித்தி: அந்தக் கால் ஏன் அப்படி இழுக்கிறது? ஒட்டுகிற வியாதியா?

நான்: டிஸ்டெம்பர் வந்து பிழைத்தவள் சித்தி. நரம்பைத் தாக்கும் வைரஸ். தப்பிக்கும் நாய்கள் சிலவற்றுக்கு இப்படித் துடிப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும், தூங்கும்போதுகூட இருக்கும். மனிதர்களுக்கு அந்த நோய் வராது. முகாமில் எல்லோரும் முதலில் கேட்பது நீங்கள் கேட்ட கேள்விதான். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கூண்டுக்குப் போய்விடுவார்கள்.

அம்மா: நீ இன்று வந்ததிலிருந்து சாப்பிடவில்லை. இதை ஏன் இவ்வளவு மனத்தில் போட்டுக்கொள்கிறாய்?

நான்: வருகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை அம்மா. எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒரு நாய்க்கு இரண்டு நிமிடம்தான் கொடுக்கிறார்கள். பல மாதம் கூண்டில் இருந்த நாய் அந்த இரண்டு நிமிடத்தில் தன் மோசமான பக்கத்தைத்தான் காட்டும். ஒன்று மூலையில் போய் ஒடுங்கும், இல்லை தொண்டை கிழியக் குரைக்கும். மிளகு முகாமுக்குப் போகும்போது வண்டியில் நின்றுகொண்டே வருவாள், வாலை ஆட்டிக்கொண்டு. அங்கே கூட்டத்தைப் பார்த்ததும் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவது துடிக்கிற ஒரு கால் மட்டும்தான்.

நான்: அவளைத் திருப்பி ஏற்றும் வேலை யாருக்கும் வேண்டாம். ‘நீ ஏற்று, நீ ஏற்று’ என்று எங்களுக்குள் சண்டையே வரும். சிலர் இனிமேல் குட்டிகளை மட்டும் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒதுங்கிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன்: போன தீபாவளிக்கு முன்னால் யாரோ எடுத்துப் போனார்களே?

நான்: எடுத்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். ‘சோகமாகவே இருக்கிறது, எங்களோடு ஒட்டவில்லை’ என்றார்கள். புது வீட்டில் முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு ஒழுங்கு பிடிபடும், இது தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் ஆகும் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். நாய்க்கு நாய் மாறும். அவளுக்கு முதல் மூன்று நாளைத் தாண்டவே அவகாசம் கிடைக்கவில்லை. அதனால்தான் மூத்த தொண்டர்கள் யாராவது ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்றாலும் துள்ளிக் குதிக்க மாட்டார்கள். சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

அம்மா: நம் வீட்டில் மணி கிழவன் இல்லையென்றால் நாமே வைத்துக்கொள்ளலாம். அவன் இன்னொரு நாயை வாசற்படி ஏற விடமாட்டான். (சற்றுத் தள்ளி) திருச்சி வீடு அவ்வளவு பெரிதாக, தோட்டத்தோடு சும்மாதான் கிடக்கிறது...

அத்தை: கண்ணு, உன் அம்மா யாரைச் சொல்கிறாள் என்று புரிகிறது. நானும் யோசித்துப் பார்த்தேன். எனக்கு 71. அதற்கு ஆறு வயது என்கிறாய், இன்னும் ஆறேழு வருஷம் இருக்கும். நான் முந்திக்கொண்டால் அது இரண்டாம் முறையாக வாசலில் நிற்கும். முட்டியும் சரியில்லை, கயிற்றைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவேன். பாவம் பார்த்து சரி என்று சொல்லிவிட்டு அப்புறம் திருப்பி அனுப்ப என்னால் முடியாது.

நான்: அத்தை, இவ்வளவு யோசித்து ‘முடியாது’ என்று சொல்கிறவர்கள் கிடைத்தால் எங்கள் வேலை பாதி குறைந்துவிடும். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அண்ணன்: சரி, நான் என் அலுவலகக் குழுவிலும் குடியிருப்புக் குழுவிலும் போடுகிறேன். இப்படி எழுதட்டுமா? ‘யாருமே விரும்பாத ஜீவன். எத்தனையோ முறை நிராகரிக்கப்பட்டும் நம்பிக்கையோடு காத்திருக்கிறாள். உங்கள் இதயத்தில் இடம் உண்டா?’

பெரியப்பா: வேண்டாம்.

அண்ணன்: ஏன் அப்பா?

பெரியப்பா: இதைப் படித்து அழுதுகொண்டே வருகிறவன் அழுகை நின்றதும் திருப்பி விட்டுவிடுவான். முப்பது வருஷம் சங்கத்தில் வரன் விளம்பரம் எழுதிக் கொடுத்தவன் நான். குறையை மறைத்து எழுதிய வரன் ஒன்றுகூட நிலைத்ததில்லை. அது என்ன செய்யும், என்ன செய்யாது, எல்லாவற்றையும் சொல்லு.

நான்: சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுவாள்.

அண்ணன்: அதைப் போட்டால் யார் வருவார்கள்?

பெரியப்பா: அதை முதலில் போடு.

சித்தி: குழந்தைகள்?

நான்: சின்னக் குழந்தைகள் உள்ள வீடு வேண்டாம் சித்தி. அவர்கள் தட்டில் கையை வைப்பார்கள்.

சித்தி: இதையும் எழுதுங்கள். மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். உரிமம் இல்லாமல் வளர்த்துவிட்டு அப்புறம் பக்கத்து வீட்டோடு சண்டை போடுகிறார்கள்.

அம்மா: நல்லதாகவும் ஏதாவது சொல்லுங்களேன்!

நான்: ஆட்டோவில் ஏறுவதென்றால் திருவிழாதான். ஓட்டுநர் எழுப்பினாலும் இறங்க மாட்டாள். வெயிலில் படுத்துக்கொள்வாள், தொந்தரவே இல்லை. தயிர்ச்சாதமும் முட்டையும் போதும்.

(அரை மணி நேரம் கழித்து)

பெரியப்பா: இதைப் போடு. ஒரு எழுத்தும் மாற்றாதே.

‘மிளகு. ஆறு வயது மதிக்கத்தக்க பெண், நாட்டு நாய், நல்ல கறுப்பு. கருத்தடை ஆகிவிட்டது, தடுப்பூசிகள் போட்டாயிற்று. சாப்பிடும்போது யாரும் கிட்டே போகக்கூடாது, உறுமுவாள். டிஸ்டெம்பர் வந்து பிழைத்தவள். வலது பின்னங்கால் எப்போதும் துடிக்கும், மனிதருக்கு ஒட்டாது. வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். சிறு குழந்தைகள் உள்ள வீடு வேண்டாம். வீட்டில் நாலு மணி நேரம் தனியாக இருப்பாள். ஆட்டோப் பயணப் பிரியை. முதல் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். சரிப்படாவிட்டால் நாங்களே வந்து அழைத்துக்கொள்வோம், ஏன் என்று கேட்க மாட்டோம். வளர்ப்பவர் மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும். வீட்டை ஒரு முறை நேரில் வந்து பார்ப்போம்.’

அத்தை: அண்ணா, எனக்குப் பார்த்த வரனுக்குக்கூட நீ இவ்வளவு உண்மை எழுதவில்லை.

பெரியப்பா: அதனால்தான் அது நிலைத்தது.

அம்மா: சற்று முன் நிலைக்காது என்றீர்கள்!

நான்: பெரியப்பா, ரொம்ப நன்றி. ‘இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள்’ என்பதுதான் எங்களுக்கு எப்போதும் எழுத வராத வரி.

திங்கள் காலை

அண்ணன்: என் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்கிறார். மேடவாக்கத்தில் தனி வீடு. அவரும் மனைவியும் மட்டும். உறுமுவதைப் பற்றிக் கவலை இல்லையாம், ‘எங்கள் அப்பாவும் அப்படித்தான்’ என்றார். ஆனால் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. மிளகு பூனையோடு எப்படி?

நான்: தெரியவில்லை. பூனை பக்கத்தில் அவள் போனதே இல்லை. இன்று மாலை காப்பகத்தில் பூனைகள் இருக்கும் பக்கம் கயிற்றோடு அழைத்துப்போய்ப் பார்க்கிறேன். அதுவரை அவரிடம் ‘ஒன்றும் செய்யாது’ என்று மட்டும் சொல்லிவிடாதே அண்ணா.

அண்ணன்: சொல்லவில்லை.

பெரியப்பா: பார்த்துவிட்டு எனக்குச் சொல். விளம்பரத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.