மறு: தடுக்கக்கூடிய மரணமா, தவிர்த்திருக்கக்கூடிய இறப்பா?

குழுவினருக்கு வணக்கம். 'Preventable trauma death' என்பதற்கு நாம் தேடும் தமிழ்ச் சொல் பற்றி.

> "தடுக்கக்கூடிய விபத்து மரணம்" என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். 'தடுக்கக்கூடிய' என்றதும் தலைக்கவசம், இருக்கை வார், வேலையிடத்தில் பாதுகாப்புக் கயிறு என்று விபத்தைத் தடுப்பதுதான் நினைவுக்கு வரும். நாம் பேசுவது அடிபட்டதற்குப் பிறகு நடப்பதை. ஆள் உயிரோடு அவசரப் பிரிவுக்கு வந்துவிட்டார், அப்புறம் இறந்தார். கவனிப்பு சரியாக இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா?

'விபத்து' என்பதும் போதாது. கத்திக்குத்தும் இதில் சேரும். இங்கே சிங்கப்பூரில் குளியலறையில் வழுக்கி விழும் முதியவர்களும் சேருவார்கள். அதை யாரும் விபத்து என்பதில்லை, 'பாட்டி விழுந்துட்டாங்க' என்பதோடு சரி. ஒருவர் 'பெருங்காயம்' என்று எழுதியிருந்தார். சாம்பார் மணக்கிறது, வேண்டாம். 'கடுங்காயம்' எனக்குச் சம்மதம்.

மதிப்பீடு நடக்கும் விதத்தைப் பார்த்தால் மீதிச் சொல்லும் பிடிபடும். சாரத்திலிருந்து விழுந்த கட்டுமான ஊழியர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காயம் எவ்வளவு தீவிரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு: மண்ணீரல் கிழிந்ததற்கு 4, விலா எலும்புகளுக்கு 3, காலுக்கு 2. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 16+9+4 = 29. இந்தக் கூட்டுத்தொகையின் உச்சம் 75, 15-ஐத் தாண்டினாலே கடுங்காயம். இதோடு வயது, வந்து சேர்ந்தபோது இருந்த ரத்த அழுத்தம், மூச்சு வேகம், நினைவு நிலை எல்லாம் சேர்த்துப் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தும் இறந்தவரின் கோப்பை அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், தாதியர் எல்லாரும் உட்கார்ந்து நிமிடக் கணக்கில் புரட்டுவார்கள். அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தபோது ஏன் ஸ்கேனுக்கு அனுப்பினோம்? ரத்தம் எப்போது ஏற்றினோம்? அறுவைக்கூடத்துக்குப் போக ஏன் தாமதம்? எண் கோப்பை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். முடிவு மனிதர்களுடையது.

1979-இல் வெளிவந்த கலிஃபோர்னியா ஆய்வு ஒன்றும் இப்படிப் பழைய கோப்புகளைப் புரட்டியதுதான். அடிபட்டவர்களை அருகிலிருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஆரஞ்சு மாவட்டத்தில், மூளைக்காயம் அல்லாத இறப்புகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தவிர்த்திருக்கலாம் என்று முடிவானது. எல்லாரையும் ஒரே சிறப்பு மையத்துக்குக் கொண்டுபோன சான் ஃபிரான்சிஸ்கோவில் அப்படிப்பட்டது ஒன்றே ஒன்று.

ஆக, இது திரும்பிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. இறந்தகாலம் சொல்லிலேயே இருக்கட்டும். 'காத்திருக்கக்கூடிய இறப்பு' என்ற யோசனை நல்லதுதான், ஆனால் எமன் வரிசையில் நிற்பதுபோல் ஒலிக்கிறது. என் ஓட்டு 'தவிர்த்திருக்கக்கூடிய இறப்பு'க்கு. நீளம்தான். அட்டவணைத் தலைப்பில் 'தவிர்தகு இறப்பு' என்று சுருக்கிக்கொள்ளலாம். எதிர்ப்பதம் 'தவிர்க்கவியலா இறப்பு'.

அமெரிக்காவில் இப்போது 'தவிர்த்திருக்கலாம்' என்பது குற்றச்சாட்டாகத் தொனிக்கிறது என்று, சிகிச்சையை மேம்படுத்த இடமிருந்ததா என்று கேட்கும் வகைப்பாட்டுக்கு மாறியிருக்கிறார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் கொண்டுவந்து 'மேம்பாட்டு வாய்ப்புள்ள இறப்பு' என்று யாரும் எழுதிவிடாதீர்கள், தயவுசெய்து.

சிக்கல் 'தவிர்தகு', 'தவிர்க்கவியலா' இரண்டுக்கும் நடுவிலுள்ள, உறுதியாகச் சொல்ல முடியாத வகையில்தான். 'ஓரளவு தவிர்தகு' தவறு. இறப்பை ஓரளவு தவிர்க்க முடியாது. 'தவிர்த்திருக்க வாய்ப்புள்ள' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் முதல் வகையோடு குழம்புகிறது. மருத்துவமனையில் குடும்பத்தாரிடம் மொழிபெயர்த்துச் சொல்பவர்கள் இந்த இடத்தில் என்ன சொல்கிறீர்கள்?