82 டிகிரிக்குப் பதில் 76 டிகிரி தெர்மோஸ்டாட் போடலாமா?

வணக்கம் அண்ணன்மார்களே, ஒரு யோசனை வேண்டும்.

என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய பழைய டீசல் ஜீப். ஊருக்குள் ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. கொல்லிமலை ஏறும்போதுதான் சிக்கல். 70 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டுவிடும். ஓரம் கட்டி, ஆறவிட்டுத்தான் மறுபடி ஏற வேண்டியிருக்கிறது.

இப்போது இருப்பது 82 டிகிரி தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் அந்தச் சூட்டுக்கு வந்ததும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் வைத்துப் பார்த்தேன். 82ஐ ஒட்டி வாய் திறக்க ஆரம்பித்தது, 95க்குள் முழுசாகத் திறந்துவிட்டது. ஆக, பழுது அதில் இல்லை.

மெக்கானிக் 76 போடச் சொல்கிறார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழற்றி வைத்துவிடு என்கிறார். அதற்கு எனக்கு மனசு வரவில்லை. காலையில் எஞ்சின் சூடேறவே நேரமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டருக்குள் இருக்கும் லைனரும் தேயும்.

76 போட்டால் சீக்கிரம் திறக்கும், சரி. ஆனால் முழுசாகத் திறந்த பிறகு சூட்டை வெளியேற்ற வேண்டியது ரேடியேட்டரும் ஃபேனும்தானே? ஏற்றத்தில் அது எப்படி உதவும் என்பதுதான் என் குழப்பம்.

76 போட்டு மலை ஏறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இல்லை, முதலில் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்துவிட்டு, மூடியையும் வாட்டர் பம்பையும் பார்ப்பதுதான் சரியா? அடுத்த வாரம் அம்மாவை கொல்லிமலை மேல் இருக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போகணும்.